அப்துல் ஸமதின் கார் நோன்பு திறந்த நாள்

கைறுன்னிஸாவுக்குக் கார் என்றால் ஆகாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கார் நல்ல சாமான்தான். பிரசவ வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், சாவுச் செய்தி வந்தால் அக்குறணைக்கு ஓடலாம், யார் வேண்டாம் என்றது? அவளுக்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான். கார் இல்லாவிட்டால் ஒரு கட்டி உப்புக்கூட வாங்க முடியாத காட்டில் கொண்டுபோய் ஒரு பெண்பிள்ளையைக் குடிவைப்பது. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தோராம் வருஷத்து நோன்பில் அதைத்தான் செய்யத் துடித்துக்கொண்டிருந்தார்கள், அவளுடைய புருஷன் ஜமால்தீனும் சம்பந்தியாகப் போகிற அப்துல் ஸமதும்.

மூத்த மகள் ஸரீனாவுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை இத்ரூஸ், கவர்மெண்டுக் கச்சேரியில் கிளார்க். தங்கமான பிள்ளை. வாப்பாவுக்கு முன்னால் வாய் திறக்க மாட்டார் என்பது ஒன்றுதான் குறை. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ். அதற்குள் பெண்ணுக்கு ஒரு வீடு எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் குடும்பங்களில் மகள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் மகள் வீட்டுக்கு வருவார். ஆகவே ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு. அந்த வழக்கம் நல்லதா கெட்டதா என்று வாதாட வேறு ஆளைப் பாருங்கள். ஆனால் அந்த வழக்கத்தால் மாத்தளை டவுன் எப்படி வெளியே வெளியே ஓடுகிறது என்பதை கைறுன்னிஸா கண்ணால் கண்டவள். முதலில் வீட்டுத் தோட்டமாக இருந்த பின்வளவுகள் போயின. பிறகு ஓடைக்கரை வயல் போனது. இப்போது இரத்தோட்டை ரோட்டில் ஆறாம் மைலுக்கு அப்பால் ஒரு கொக்கோத் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி, 'புதுநகர்' என்று மூன்று மொழியிலும் பலகை எழுதி நட்டிருந்தார்கள். நகரும் இல்லை, ஒரு நாதியும் இல்லை. பலகை மட்டும் புதிது.

அந்தத் துண்டுகளில் ஒன்றின்மேல்தான் அப்துல் ஸமத் கண் வைத்திருந்தார்.

அவர் மர வியாபாரி. கண்டி ரோட்டு மூன்றாம் மைலில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, நாலு பக்கமும் சுற்றி நடக்கக்கூடிய தனி வீடு. வாசலில் ஒரு பச்சை ஹில்மன் கார். அந்தக் காரில்தான் சலூனுக்குப் போவார், அந்தக் காரில்தான் பக்கத்து வளவுக்காரரைப் பார்க்கப் போவார். எந்த இடத்தைச் சொன்னாலும் 'பத்து நிமிஷம்' என்பார். கண்டி பத்து நிமிஷம், தம்புள்ளை பத்து நிமிஷம். அவருக்கு மக்காவும் பத்து நிமிஷமாகத்தான் இருக்கும் என்று கைறுன்னிஸா ஒருமுறை சொல்லிவிட்டாள். ஜமால்தீன் 'ஷ்ஷ்' என்றார்.

ஜமால்தீனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மெயின் ஸ்ட்ரீட்டில் மிளகு, ஏலம், சாதிக்காய் வாங்கி விற்கிற கடை. ஒருத்தருக்கும் ஒரு தீங்கு நினைக்காத மனுஷன். ஆனால் கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னதுதான் அவருக்குச் சரி. காலையில் பெண்சாதி பக்கம், மத்தியானம் சம்பந்தி பக்கம். நோன்பு பிடித்தால் இன்னும் மோசம்.

ஸரீனா ஒரு பின்னேரம் அடுப்படியில் வந்து நின்றாள். அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சம்பளம் எடுக்கத் தொடங்கி இரண்டு வருஷம். குடையை விரித்தால் ஆறு நிமிஷ நடையில் பள்ளிக்கூடம்.

"உம்மா, அங்க போனா நான் ஸ்கூலுக்கு எப்படி வாறது?"

"ஒங்க மாமனார் என்ன சொன்னாராம்?"

"இனி என்னத்துக்கு ஸ்கூல்னு கேட்டாராம். வாப்பா ஒண்டும் சொல்லல்ல." அவள் அழவில்லை. அழுதிருந்தால் கைறுன்னிஸாவுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. "எனக்கு இத்ரூஸும் வேணும் உம்மா, ஸ்கூலும் வேணும். ரெண்டையும் ஆசப்படுறது பிழையா?"

"என்ன பிழை? ரெண்டும் கெடைக்கும். நீ போய் கொப்பியத் திருத்து."

அப்படிச் சொன்னவளுக்கு அப்போது ஒரு வழியும் தெரியாது. ஆனால் வழி இருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அது அவளுடைய குணம். சாவி தொலைந்தாலும் அப்படித்தான், மழை பெய்யாவிட்டாலும் அப்படித்தான்.

வழி, ஒரு சைக்கிளில் வந்தது. ஆறுமுகநாதன், நகரசபைக் கட்டட வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர். யாழ்ப்பாணத்தார், மாத்தளைக்கு வந்து பன்னிரண்டு வருஷம். பள்ளிவாசல் சந்தில் கழிவுத் தண்ணீர்க் காண் உடைந்திருப்பதைப் பார்க்க வந்தவரை கைறுன்னிஸா வாசலில் நின்று மறித்துக்கொண்டாள். வாப்பாவின் வாப்பா காலத்து ஓட்டு வீடு, ஒன்பதே பேர்ச்சில் கையளவு காணி. இதற்கு மேலே இன்னொரு வீடு கட்ட ஏலுமா என்று கேட்டாள். மாடி அறை இல்லை, வீடு. தனி அடுப்படி, தனிக் கக்கூஸ், தனி வாசலோடு ஒரு முழு வீடு.

ஓவசியர் சுவரைத் தட்டினார். அத்திவாரத்தை ஓரிடத்தில் தோண்டிப் பார்த்தார். கருங்கல். அவருடைய முகம் மலர்ந்துபோனது.

"தாராளமாய்க் கட்டலாம் அம்மா. வெளியாலை ஒரு படி வையுங்கோ. கீழ ஆக்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. பழைய ஓட்டையே மேலை ஏத்தலாம். கூரைத் தண்ணியைப் பீலி வைச்சுத் தொட்டிக்கு இறக்கினால் கிணறும் வத்தாது." பிறகு, யாரோ கேட்கக் காத்திருந்தவர்போல, பொரிந்து தள்ளினார்: "நீங்கள்தான் அம்மா முதல் ஆள் இப்பிடிக் கேக்கிறது. எல்லாரும் ரோட்டு நீளத்துக்கு ஓடுகினம். ஆறாம் மைலிலை நாலு வீடு கட்டிப்போட்டு, தண்ணிப் பைப் எங்கை, கரண்டுக் கம்பி எங்கை எண்டு எங்களிட்டைத்தான் சண்டைக்கு வருகினம். ஒரு குழாய் போடுற காசிலை டவுனுக்குள்ளை நூறு வீட்டுக்குத் தண்ணி குடுக்கலாம்."

ஒரு வாரத்தில் படம் வரைந்து கொண்டுவந்து தந்தார். பத்திரம் எழுதுகிற நொத்தாரிஸிடமும் ஜமால்தீனை அனுப்பிக் கேட்டாயிற்று. மாடியை மட்டும் தனியாக எழுத முடியாது, ஆனால் காணியில் பிரிபடாத பாதியை எழுதி, மேல் வீட்டு உரிமை இன்னாருக்கு என்று உறுதிப் பத்திரத்திலேயே போடலாம் என்றார் அவர். ஜமால்தீனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அன்று மத்தியானமே சம்பந்தியிடம் சொல்லப் போனார். திரும்பி வரும்போது தலை தொங்கிப்போயிருந்தது.

"ஆகாசத்துலயா சீதனம்னு கேக்குறார், கைறுன். நாலு பேர் சிரிப்பாங்களாம். மண்ணுல நிக்காத வீடு ஒரு வீடாங்கிறார். புதுநகர் வேணான்னா கல்யாணத்தையே யோசிக்கணுமாம்."

"அப்படியா சொன்னார்?"

"அப்படித்தான் சொன்னார். நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுதுட்டு புதுநகரைக் காட்டக் கூட்டிட்டுப் போறாராம். ஒன்னையும் வரச் சொன்னார். அவர் பெண்சாதி றம்லாவும் வாறாவாம்."

கைறுன்னிஸா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். மகளின் கல்யாணம் விளையாட்டுச் சாமான் இல்லையே. பிறகு நிமிர்ந்துகொண்டாள். "போவோம். நல்லாப் பார்த்துட்டு வருவோம். நோன்பு தொறக்க அவங்க ரெண்டு பேரும் இங்கதான் வரணும்னு சொல்லுங்க. ஸரீனா கஞ்சி காய்ச்சட்டும்."

மறுநாள் பன்னிரண்டாம் நோன்பு. மாசி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. முத்துமாரியம்மன் கோயில் தேருக்கு இன்னும் மூன்று நாள்தான், கடைத்தெரு முழுக்கத் தோரணம். புறப்படும்போது கைறுன்னிஸா குடையும் ஒரு போத்தல் தண்ணீரும் முந்தானையில் முடிந்த பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டாள். அப்துல் ஸமத் பார்த்துவிட்டார்.

"என்னத்துக்கு தங்கச்சி தண்ணி? நோன்பு தொறக்க ஒங்க வீட்டு வாசல்ல கொண்டுவந்து எறக்குறேன். பத்து நிமிஷம்."

"இருக்கட்டும் நானா. பாரமா இது?"

பின் சீட்டில் றம்லா ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். இத்ரூஸின் உம்மா. நல்ல உயரமான பொம்பிளை, ஆனால் அந்தக் காருக்குள் பாதியாகத் தெரிந்தாள். கடைத்தெருவைக் கடக்கும்வரை கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு கடையாகப் பார்த்தாள். "இந்தப் புடவைக் கடை எப்ப தொறந்தாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அது திறந்து நாலு வருஷம்.

புதுநகர் என்ற அந்த இடத்தில் சிவப்பு மண்ணில் கயிறு கட்டியிருந்தார்கள். கொக்கோ மரங்களின் அடிக்கட்டைகள் வரிசையாக. மாதிரிக்கென்று ஒரே ஒரு வீடு, அதன் பக்கத்தில் வீட்டில் பாதி அளவுக்குக் கார் கொட்டகை. அப்துல் ஸமத் கையை விரித்து விரித்துக் காட்டினார். இங்கே ஹால், இங்கே தோட்டம், இங்கே கார்.

"கடை எங்க நானா?" என்றாள் கைறுன்னிஸா.

"கடையா? டவுனுக்குப் போறது. பத்து நிமிஷம்."

"பள்ளிவாசல்?"

"காருலதான்."

"பிள்ள கிடைச்சா, மருத்துவிச்சி?"

"அதுக்குத்தான் கார் இருக்கே தங்கச்சி!"

"கார் ஒண்டு. அத இத்ரூஸ் கச்சேரிக்கு எடுத்துட்டுப் போயிட்டா?"

ஜமால்தீன் இருமினார். அப்துல் ஸமத் சிரித்துக்கொண்டே அடுத்த துண்டுக்கு நடந்தார். பேச்சு அத்தோடு முடிந்ததாக அவர் நினைத்துக்கொண்டார். அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு என்று காட்டி முடிக்கும்போது மணி ஐந்தே முக்கால்.

திரும்பும் வழியில் நாலாம் மைல் ஏற்றத்தில் ஹில்மன் ஒரு பெருமூச்சு விட்டது. போனட் இடுக்கால் வெள்ளையாய் ஆவி கிளம்பியது. அப்துல் ஸமத் ஓரம் கட்டினார். இறங்கி, பையிலிருந்த கைலேஞ்சியைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். 'புஸ்' என்று சீறியதில் இரண்டடி பின்னால் பாய்ந்தார்.

"ஒண்டுமில்ல, தண்ணிதான் கொறஞ்சிருக்கு." சுற்றுமுற்றும் பார்த்தார். வெயிலில் காய்ந்த ஓடை, தேயிலை, ரோடு. பிறகு அவருடைய கண் பின் சீட்டுக்கு வந்தது. "தங்கச்சி... அந்தப் போத்தல்..."

கைறுன்னிஸா ஒரு வார்த்தையும் சொல்லாமல் போத்தலை நீட்டினாள். அந்த நேரத்தில் பேசாமல் இருந்ததற்கே அவளுக்குத் தனி நன்மை எழுதப்பட்டிருக்கும். விடியற்காலை முதல் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத நாலு மனுஷர் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருக்க, கார் அந்த ஒரு போத்தல் தண்ணீரையும் கடகடவென்று குடித்தது. குடித்து முடித்த கையோடு அடியில் வெடித்திருந்த குழாய் வழியாக முழுவதையும் ரோட்டில் ஊற்றியது.

"ஒங்க கார் நமக்கு முந்தி நோன்பு தொறந்திருச்சு, நானா" என்றாள் கைறுன்னிஸா.

ஜமால்தீன் சிரிக்கக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அப்துல் ஸமத் முகம் கறுத்துப்போனது. யாராவது ஒரு கார் வரும், நிறுத்துவோம் என்றார். கால் மணி நேரத்தில் ஒரு மாட்டு வண்டியும் ஒரு நாயும் வந்தன. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கைக்கடிகாரத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

"ஆறு பத்துக்கு இரத்தோட்டை பஸ் இதால வரும்" என்றாள் கைறுன்னிஸா. "நான் மிளகு பார்க்கப் போனா அதுலதான் திரும்பி வாறது."

"பஸ்ஸுலயா? நம்ம பொம்புளைங்கள அந்தக் கூட்டத்துல..."

அவர் முடிக்கவில்லை, வளைவில் சிவப்பு பஸ் தெரிந்தது. திருவிழாக் கூட்டம். புட்போர்டிலும் ஆட்கள். டிரைவர் நிறுத்தாமல் போகிற எண்ணத்தில்தான் வந்தார். கைறுன்னிஸா குடையை விரித்துப் பிடித்தபடி நடுரோட்டில் போய் நின்றாள். பஸ் அவளுக்கு ஒரு கை தூரத்தில் கிரீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டுவதற்குள், கைறுன்னிஸாவே எதிர்பாராத ஒன்று நடந்தது. புருஷனின் முகத்தைப் பார்க்காமல், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, றம்லா முதல் ஆளாகப் படியில் ஏறிவிட்டாள்.

அப்புறம் அப்துல் ஸமத் ஏறாமல் என்ன செய்வார்?

உள்ளே மல்லிகைப்பூவும் திருநீறும் வியர்வையுமாக மணத்தது. தோட்டத்துச் சனம், புதுச் சேலையும் புதுச் சட்டையுமாகத் திருவிழாவுக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருத்தி கைறுன்னிஸாவைக் கண்டதும் சீட்டைவிட்டு எழும்பினாள். அழகம்மா. ஜமால்தீன் கடைக்குத் தன் வீட்டுப் பின்வளவு மிளகு கொண்டுவருகிறவள்.

"வாங்க வாங்க, ஒக்காருங்க. என்னாங்க மொதலாளி, காரு வச்சிருக்கவங்க எல்லாம் எங்க பஸ்ஸுல? ரோட்டுல ஒரு பச்சக் காரு வாயப் பொளந்துகிட்டு நின்னுச்சே, அது யாரோடதுங்க?"

பஸ்ஸே சிரித்தது. அப்துல் ஸமத் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் ஒரு மேளக்காரரும், மறு பக்கம் ஒரு கோழிக்கூடையுமாக நின்றார். மறு கையில் கடிகாரம். ஆறு இருபது. ஆறு இருபத்தொன்று. உதடு ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தது.

"நேரம்" என்றார் கடைசியில். அது கட்டளையாக வரவில்லை, கெஞ்சலாக வந்தது.

கைறுன்னிஸா முந்தானையை அவிழ்த்து நாலு பேருக்கும் பழம் கொடுத்தாள். தண்ணீர்? அழகம்மா அதற்குள் பையிலிருந்து ஒரு போத்தல் தேத்தண்ணீர் எடுத்து, மூடியில் ஊற்றி நீட்டினாள்.

"சீனி போட்ட சாயத்தண்ணிங்க, ஆறிப்போச்சு. வெக்கப்படாம குடிங்க. நாங்களும் இன்னிக்கு வெரதந்தான், காஞ்ச வயிறு என்னான்னு எங்களுக்குத் தெரியாதா?"

அப்துல் ஸமத் பிஸ்மி சொல்லிக் குடித்தார். இன்னொரு மூடி வாங்கிக் குடித்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "அல்லா ஒனக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான் புள்ள" என்றார். கைறுன்னிஸாவுக்கு அந்த ஒரு நிமிஷம் அவரை உண்மையாகவே பிடித்துப்போனது.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி மூன்று நிமிஷம் நடந்தால் வீடு. வழியிலேயே பள்ளிவாசல் இருந்ததால் ஆண்கள் இரண்டு பேரும் உள்ளே போய் மஃரிப் தொழுதுவிட்டு வந்தார்கள். றம்லா அந்த மூன்று நிமிஷ நடைக்குப் பத்து நிமிஷம் எடுத்தாள். வளையல் கடையில் நின்றாள், பாய் கடையில் நின்றாள், அடையாளம் கண்டுகொண்ட ஒரு பழைய சிநேகிதியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைறுன்னிஸா அவசரப்படுத்தவில்லை.

வீட்டில் கஞ்சி இன்னும் சூடாக இருந்தது. அப்துல் ஸமத் இரண்டு கோப்பை குடித்தார். குடித்துத் தெம்பு வந்ததும் பழைய அப்துல் ஸமத்தும் வந்துவிட்டார்.

"ஒரு குழா வெடிச்சதுக்கு யாரும் புதுநகரைக் குத்தம் சொல்லக் கூடாது. நாளைக்கு மாத்தினாச் சரி."

ஜமால்தீன் தலையாட்டத் தொடங்கினார். கைறுன்னிஸா ஓவசியரின் படத்தைப் பாயில் விரித்து, நாலு மூலையிலும் நாலு கோப்பையை வைத்தாள்.

"மாத்தலாம் நானா. எல்லாம் மாத்தலாம். மாத்துற வரைக்கும் என் மகள் அங்க என்ன செய்வா?"

"என்ன செய்றது? வீட்டுல இருக்கிறது. இவ இல்லியா? பதினெட்டு வருஷமா மூணாம் மைல்ல சொகமா இருக்கா. கேளுங்க."

றம்லா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கேக்கட்டும், சொல்றேன்" என்றாள். குரல் நடுங்கியது, ஆனாலும் நிற்கவில்லை. "எங்க உம்மா இந்தச் சந்துக்கு அடுத்த சந்துலதான் மவுத்தானாங்க. செய்தி வந்தப்ப நீங்க காரை எடுத்துட்டுத் தம்புள்ளைக்குப் போயிருந்தீங்க. பஸ்ஸுல போறது நம்ம குடும்பத்துக்கு மரியாத இல்லேன்னு நீங்க சொன்ன சொல்லுக்காக நான் வாசல்லயே நின்டேன். பத்து நிமிஷ தூரத்துல நின்டேன். நீங்க வந்து என்னக் கொண்டுபோகக்குள்ள ஜனாஸாவ எடுத்துட்டாங்க. எங்க உம்மாட முகத்த நான் பாக்கல்ல. அந்தப் புள்ளைக்கும் அதத்தான் சீதனமாக் கேக்குறீங்களா?"

ஜமால்தீன் தலையாட்டுவதை நிறுத்திவிட்டார். அப்துல் ஸமத் பெண்சாதியைப் பார்த்தார். கல்யாணம் முடித்து இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. திரைக்குப் பின்னால் ஸரீனா நின்றிருந்த இடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு படத்தைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து, வெளிப்படிக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார்.

"ஜமால்தீன்" என்றார், நிமிராமலே. "நொத்தாரிஸுக்கு நாளைக்கே சொல்லிருங்க. இந்த வீட்டு மாடிதான். மருமக ஸ்கூலுக்குப் போகட்டும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்."

திரை அசைந்தது. கைறுன்னிஸா கஞ்சிச் சட்டியைக் கிளறினாள்.

றம்லா இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை மெல்ல நகர்த்தி, மாடிக்கு மேலே, ஓவசியர் ஒன்றும் வரையாமல் விட்டிருந்த வெள்ளை இடத்தில் வைத்தாள்.

"தங்கச்சி, இதுக்கு மேல இன்னொரு தட்டு போட ஏலுமா? சின்னதாப் போதும்."

"கருங்கல் அத்திவாரம் ராத்தா. எத்தினையும் தாங்கும்" என்றாள் கைறுன்னிஸா.

அப்துல் ஸமத் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அப்ப நான்?"

"நீங்களும் வாங்க" என்றாள் றம்லா. "கார் நிப்பாட்டத்தான் எடமில்ல."